திங்கட்கிழமைக்கு ஒரு சாறிச் சட்டை

பிரசவ லீவு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை புது வகுப்பு. என்னுடைய பழைய சாறிச் சட்டைகளில் ஒன்றுகூட இப்போது எனக்குப் பூட்டுப்படுவதில்லை.

இன்று மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு, சட்டைகளை அள்ளிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் எனக்குத் தைக்கிற மேரி அக்காவிடம் ஓடினேன். பஸ்ஸில் இருந்தே வீட்டுக்குக் கோல் எடுத்தேன்.

"பிள்ளை நல்ல நித்திரை. நீ ஃபோனை வை," என்றார் அம்மா.

இறங்கியதும் திரும்ப எடுத்தேன். அம்மா தூக்கவேயில்லை.

"எல்லாத்தையும் பிரிச்சு லூசாக்கலாம் டீச்சர்," என்றார் மேரி அக்கா. அளவு பார்க்க ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

அது என் பிள்ளை இல்லை என்று மூளைக்குத் தெரியும். மார்புக்குத் தெரியவில்லை. சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது.

வெட்கத்தில் கையால் மறைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"உள்ளுக்கு ஒரு துணி வச்சுத் தைக்கிறன். ஸ்கூல்ல யாரு இப்படி அழப்போறாங்க?"

"எனக்குத் தந்திருக்கிறது முதலாம் வகுப்பு அக்கா."

அக்கா கத்தரிக்கோலை எடுத்தார்.

"அப்ப ரெண்டு துணி வைப்பம்."

திங்கட்கிழமை காலை ஒரு வகுப்பு முழுக்க "அம்மா, அம்மா" என்று அழப்போகிறது. ஈரம் தெரியாத கறுப்புச் சாறி இரவல் தரக்கூடிய டீச்சர்மார், முதல் நாளே கறுப்பா என்று கேட்காமல், உடனே இன்பொக்சுக்கு வரவும்.