வாங்கினேன் என்று சொல்லும் வரை

சுபேதார் மாணிக்கவேல் போய்விட்டார் என்ற செய்தியை எனக்கு மூன்று பேர் போனில் சொன்னார்கள். மூவருமே, “மத்தவங்களுக்கு நீ சொல்லிடு” என்றார்கள். நானும் நாலு பேரிடம் அதையே சொல்லிவிட்டுச் சட்டை தேடினேன். கள்ளக்குறிச்சி டீக்கடையில் அவரோடு உட்கார்ந்த நமக்கு இதிலேயே உறைத்திருக்க வேண்டும்.

தரைப்படை, கப்பற்படை, விமானப்படை மூன்றும் ஒரே தலைமையில் இருந்த தீவில் வயர்லெஸ் பார்த்தவர் அவர். “கப்பல்காரனுக்கு ஒரு அவசரம், பிளேன்காரனுக்கு ஒரு அவசரம். ஆனா ஒரு வேலைக்கு ஒருத்தன்தான் பொறுப்பு” என்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது அவர் வழக்கம். டீ மாஸ்டரும் தப்பியதில்லை. ‘சர்க்கரை கம்மிக்கு ராணுவ உத்தரவு’ என்று நான் பத்திரிகையில் எழுதிக் கிண்டலடித்தேன். படித்துவிட்டு, “இன்னா எழுதியிருக்கன்னு நீயே திருப்பிச் சொல்லு” என்றார்.

கல்வராயன் மலைப்பாதை சரிந்த மழையில், வெள்ளிமலைப் பக்கம் அரிசி கொண்டுபோனோமே, நினைவிருக்கிறதா? யார் தலைவர் என்று நாம் அடித்துக்கொண்டபோது, பாதை தெரிந்த ஜீப் டிரைவர் முனுசாமியைப் பொறுப்பாக்கினார். அடிவாரம் வரை லாரி, சரிவு வரை ஜீப், அதற்கு மேல் தலைச்சுமை. மூட்டையை ஜீப்பில் தள்ளிவிட்டு நான் பீடிக்கு ஒதுங்கியபோது சுபேதார் பிடித்துக்கொண்டார். “வாங்கினவன் ‘வாங்கினேன்’னு வாயால சொல்றவரைக்கும் அது உன் சுமைதான்யா.”

அவர் சாவுக்கு ஐஸ் பெட்டி இரண்டு வந்தது. பந்தல்காரர்கள் இரண்டு பேர் வந்து சண்டை போட்டார்கள். சென்னை பஸ்ஸில் வந்து உளுந்தூர்பேட்டையில் இறங்கி நின்ற அவருடைய ஒரே மகள் செல்வியைக் கூட்டிவர மட்டும் ஒரு காரும் போகவில்லை. கார் வைத்திருந்த நாம் ஒவ்வொருவரும் அடுத்தவர் போயிருப்பார் என்று நினைத்தோம். அவள் போனில் என்னைத்தான் கூப்பிட்டாள். “கார் வந்துக்கினே இருக்கும்மா, அங்கயே நில்லு” என்றேன். யாரையும் கேட்காமல் சொன்னேன். பெரியவர்கள் அவசரப்படுத்தியபோது, “பொண்ணு நேரா சுடுகாட்டுக்கே வந்துடும், எடுங்க” என்றதும் நான்தான். பிறகு அவள் கூப்பிட்டது மேளச் சத்தத்தில் கேட்கவில்லை.

எத்தனையோ பஸ் அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. நில் என்றதால் நின்றிருக்கிறாள்; அவர் வளர்த்த பெண். கடைசியில் தானே பஸ் ஏறி வந்தபோது கொள்ளி வைத்தாகிவிட்டது. அழவில்லை. “அப்பாவா இருந்தா உங்களத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருப்பாரு, மாமா” என்றாள்.

காரியம் முடிந்து அவளை நானே உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏற்றினேன். வீட்டுக்கு வந்தும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சென்னை போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டு, “வூட்டுக்கு வந்துட்டேன், மாமா” என்றாள். “வூட்டுக்கு வந்துட்ட” என்று திருப்பிச் சொன்னேன். சுபேதாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அவர் முகத்தை அவள் பார்க்காமல் போனதை மட்டும் எந்தக் கையிலும் இறக்கிவைக்க முடியவில்லை.