பெக்கோவின் பல்லில் சிக்கியிருந்த கல்

நான் வரலாறு படிப்பிக்கிறவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கும் என் தோழி வீரமுனை ஊர்க்காரி. அவளும் நானும் நான்கைந்து வருடமாக ஒரு பாழடைந்த கோயிலுக்குப் போய் வந்தோம். வயல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அது இருந்தது. ஒரே வளவுக்குள் மூன்று கோயில்கள். நடுவில் சிவனுக்கு, வடக்கே அம்மனுக்கு. மூன்றாவது யாருக்கென்று எவருக்கும் தெரியாது. சோழர் காலத்தை ஒட்டிக் கட்டியிருக்கலாம் என்பது எங்கள் ஊகம். போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்பார் சிலர். குளம் உடைந்து சனம் போய்விட்டது என்பார் வேறு சிலர்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது: நடுக்கோயிலின் வாசல் நிலைக்கல். அதன் மேற்பாதியில் எழுத்து இருந்தது. விளக்கெரிக்க நிலம் விட்டதாக அவள் எழுத்துக்கூட்டி வாசித்திருந்தாள். விட்டவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் மண்ணுக்குள் புதைந்த கீழ்ப்பாதியில் இருக்கும் என்று நம்பினோம். நாங்களாகத் தோண்டக்கூடாது. தொல்பொருள் அதிகாரிகளைக் கேட்டு அலைந்தோம். ஒருவழியாக வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வருமுன் வழியைத் துப்புரவாக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை அவளுடைய ஸ்கூட்டியில் போனோம்.

முன்னால் நடந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இஞ்ச வாங்க. கல்லக் காணல்ல."

கல்லை மட்டுமா? நடுக்கோயிலையே காணவில்லை. கருவறை இருந்த இடத்தில் ஒரு ஆள் இறங்கி மறையும் அளவுக்குக் குழி. செங்கல் குவியல். நிலைக்கல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஈரமண்ணில் பெரிய டயர்த் தடங்கள். அவள் குழியோரம் குந்தி ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். 'யா அல்லாஹ்' என்றேன் நான்.

பொலிசில் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் சம்மாந்துறையில் என் ராத்தா வீட்டில் தண்ணீர் குடிக்க இறங்கினோம். ராத்தாவின் மாப்பிள்ளை, அதாவது என் அக்காவின் கணவர், மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வைத்திருக்கிறார். அது முற்றத்தில் நின்றது. தோழி அதன் பக்கெட்டையே பார்த்தபடி நின்றாள். நானும் பார்த்தேன். இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு கல் இறுகியிருந்தது. தாமரை இதழ் செதுக்கிய கல்.

"மச்சான், இது எங்கால வந்த?" முற்றத்துக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"வயல் வரம்பு கட்டக் கேட்டானுகள், மச்சி. நான் மிசினக் குடுத்தன்."

"எந்த வரம்பு?"

அவர் தெருப் பக்கம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "புதையல் இரிக்கெண்டானுகள். என்ன புதையல்? வெறும் செங்கல். கும்பிட ஆளில்லாத இடம்தானே, அதுக்கு ஏன் மூஞ்ச இப்பிடி வெச்சிக்கிறீங்க?"

அவர் என் வாப்பா இறந்தபோது மையித்தைத் தோளில் சுமந்தவர். என் பிள்ளைகளுக்குப் பெருநாள் சட்டை எடுத்துக் கொடுப்பவர். அந்த வாயிலிருந்துதான் இது வந்தது. தோழியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் என் கையைப் பிடித்து, "வாங்க டீச்சர், போவம்" என்றாள்.

நேரே பொலிசுக்குத்தான் திரும்பிப் போனோம். பார்த்ததைச் சொன்னேன், அவர் யார் என்பதையும் சொன்னேன். அன்று பின்னேரமே அவரையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்தார்கள். இப்போது பிணையில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது.

அதிகாரிகள் வந்து மண்ணை அரித்துத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். கீழ்ப்பாதியில் வாசிக்கத்தக்கதாக ஒரு துண்டுதான் கிடைத்தது. ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். மற்றதெல்லாம் பெக்கோவின் டயருக்கடியில் மாவாகிவிட்டது.

ராத்தா ஒரே ஒரு தடவை எனக்குப் போன் எடுத்தாள். "ஒரு கல்லுக்காக எண்ட மாப்பிளயப் புடிச்சிக் குடுத்திட்டாய், என்ன?" என்றாள். நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாள். போன கிழமை கல்முனை பசாரில் அவளைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் கறுத்த ஹபாயாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பக்கத்துப் புடவைக் கடைக்குள் ஏறிப் போனாள்.