இரண்டு நிலாக்களும் ஒரு சிரிப்பும்

"வரிசை எண் 14. பங்குனி 17, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. கொண்டுவந்தவர்: அடுத்த தெருப் பெண். பொருள்: முப்பத்தெட்டு விநாடி வீடியோ, வானத்தில் சண்டை. முடிவு: சினிமா."

என் கையெழுத்துதான். 'சினிமா' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன். ஆண்டை மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். நாள், கிழமை, நேரம் எல்லாம் எழுதி ஆண்டை எழுதாமல் விடுவது, சட்டைப் பொத்தானைப் போடாமல் வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போவதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பதிவேடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு எழுத்தராக இருந்தேன். ஜெராக்ஸ் நகலை அசலோடு வைத்து வரிவரியாகப் பார்ப்பது என் வேலை. அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார். தப்பு இருந்தால் திட்டு எனக்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த முத்திரைமேல் தனி நம்பிக்கை. முத்திரை இல்லாத காகிதம் அவர்களுக்குப் பொட்டலம் மடிக்கத்தான்.

ஓய்வு பெற்றபின் விண்வெளிப் போர்ப் படங்கள் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததைக் குறித்துவைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் படம். வலப்பக்கம் அதற்கு இணையாகச் செய்தித்தாளிலோ சரித்திரப் புத்தகத்திலோ கிடைத்த நிஜப் போர். இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பியது. தூர தேசத்திலிருந்து கலங்கள் வரும். வருகிறவர்களிடம் நாம் பார்த்தறியாத ஆயுதம் இருக்கும். நம் தண்ணீரையோ மண்ணுக்கடியில் இருப்பதையோ கேட்பார்கள். பூமிக்காரர்கள் பழைய சண்டையை மறந்து ஒன்றுசேர்வார்கள். வலப்பக்கத்தில் எங்கள் கடற்கரைக்கே அப்படிக் கலங்கள் வந்த கதையை எழுதினேன். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் பழைய சண்டையை மறக்கவில்லை. ஒருவர் இந்தக் கப்பலோடும் இன்னொருவர் அந்தக் கப்பலோடும் சேர்ந்துகொண்டார்கள். வில்லியனூர் பிரெஞ்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி மாறிப் போனது.

இதைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனிடம் படித்துக் காட்டினேன். அவன் குழாய் அளந்துகொண்டே கேட்டான்.

"அப்ப வெள்ளக்காரன்தான் வேற கெரகத்து ஆளு?"

"ஒரு வகையில் அப்படித்தான்."

"யோவ், அந்த வேற கெரகத்து பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கினு நம்ம ஊர்லயே நாலு பேரு இருக்கான்யா! படத்துல இதெல்லாம் வருதா?"

வருவதில்லை. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர்களை அன்று மாலையே வலப்பக்கத்தில் சேர்த்தேன்.

படங்களில் கடைசியில் ஒரு தாய்க்கலம் இருக்கும். அதை உடைத்தால் மற்ற எல்லாம் பூச்சிபோலச் சுருண்டு விழும். இதற்கு ஓர் இணையை மூன்று மாதம் தேடினேன், கிடைக்கவில்லை. நிஜப் போர்கள் முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போகின்றன, அங்கேயே இருந்துவிடுகின்றன. வலப்பக்கத்தில் அந்த இடம் இன்றும் வெள்ளையாக இருக்கிறது.

ஆளில்லா விமானத்துக்கு மட்டும் தேடவே வேண்டியிருக்கவில்லை. அபிஷேகப்பாக்கம் வயலில் மருந்தடிக்க ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நோட்டோடு போய் வரப்பில் நின்றேன். படங்களில் இவற்றுக்குச் சிவப்புக் கண் இருக்கும். இதற்கு வயிற்றில் ஒரு மருந்து டப்பா இருந்தது. வயல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார், தள்ளி நில்லு. மேல பட்டா அரிக்கும்" என்றார். ஒரு படத்தில்கூடத் தாக்கும் இயந்திரம் இவ்வளவு மரியாதையாக எச்சரித்ததில்லை.

நோட்டு பதிவேடு ஆனது தோழனால். எங்கேயோ போர் நடந்த சமயம், அவன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டி உச்சுக்கொட்டினான். பார்த்த உடனே, "இது படம். நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம்" என்றேன். நம்பாமல் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தான். கட்டடம் சரியும் திசைகூட எழுதியிருந்தது. அன்றிலிருந்து கடைக்கு ஆணி வாங்க வருகிறவரிடமெல்லாம், "போர் வீடியோ இருந்தா கிளார்க்கு கிட்ட காட்டி சர்ட்டிபைடு வாங்கிக்க" என்று சொல்லத் தொடங்கினான். கிண்டலுக்குத்தான் சொன்னான். ஊர் உண்மையென்று எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கடை வாசலில் நாலைந்து பேர் கைப்பேசியோடு நிற்பார்கள். நானும், எழுத்தர் புத்தி போகாமல், வரிசை எண் போட்டேன். முன்பு அதிகாரி போட்ட கையெழுத்தை இப்போது நானே போடலாம் என்பது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்தப் பங்குனியில் வளைகுடாப் பக்கம் சண்டை வெடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை அடுத்த தெருப் பெண் வந்தார். திருபுவனைத் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக், போய் இரண்டு ஆண்டு ஆகிறது. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடிவந்திருந்தார்.

"சார், அவரு இருக்கிற ஊரே போச்சாம் சார். பாரு சார்."

பார்த்தேன். உயரமான கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பின்னணியில் யாரோ அழும் குரலை ஒட்டவைத்திருந்தார்கள். இரண்டாம் முறை ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தி அவரிடம் நீட்டினேன்.

"வானத்தைப் பாரும்மா. எத்தனை நிலா?"

அவர் எண்ணினார். "ரெண்டு" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"வளைகுடாவில் ஒன்றுதான்" என்றேன்.

கல்லாவிலிருந்து தோழன் சொன்னான்: "அங்க பணக்காரனுங்க. ரெண்டு வச்சிருப்பானுங்க, யாரு கண்டா?"

அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். அந்த வீடியோ ஏற்கெனவே ஊரில் எத்தனையோ வீட்டில் சுற்றியிருந்தது. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் எண்ணில் 'சினிமா' என்று எழுதி, தேவையில்லாமல் அடிக்கோடும் போட்டேன். கணவர் அன்று மாலையும் ஞாயிறு காலையும் பேசினார். அதன்பின் பேச்சில்லை. ஞாயிறு முழுக்க, திங்கள் முழுக்க, இவர் அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது.

செவ்வாய் காலை அவர் வந்தபோது ஓடிவரவில்லை. மெல்ல வந்தார். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்ட வீடியோ அது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று அதில் ஒன்றும் இல்லை. ஒரு மொட்டைமாடி. அந்திக்குப் பிந்திய நீல வானம். கீழிருந்து ஒரு வெளிச்சம் ஏறுகிறது, மேலிருந்து ஒன்று இறங்குகிறது. இரண்டும் நிலவுக்குக் கொஞ்சம் கீழே சந்தித்துப் பூப்போலச் சிதறுகின்றன. சத்தம் இல்லை. சில விநாடி கழித்து எங்கோ கதவு சாத்துவதுபோல ஒரு மெத்தென்ற ஓசை. உடனே ஓர் ஆணின் சிரிப்பு.

நான் யோசிக்கவே இல்லை. வெளிச்சம் அத்தனை அழகாக இருந்தது. சத்தம் பிந்தி வருவதைப் படம் எடுத்தவர்களின் பிழை என்று நினைத்தேன். குண்டு வெடிக்கும்போது சிரிப்பவன் படத்தில் வில்லன் மட்டுமே. ஒன்பது பத்துக்கு மையில் எழுதிவிட்டேன்: சினிமா.

"இல்ல சார்" என்றார் அந்தப் பெண்.

"நோட்டில் பார்க்கலாம். இந்த மாதிரி—"

"நோட்ட வுடு சார். சிரிக்கிறது எங்க வூட்டுக்காரரு."

தோழன் கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே வைத்தான்.

"பன்னண்டு வருசமா கேக்குறன் சார் அந்தச் சிரிப்ப. பயந்தா அப்புடித்தான் சிரிப்பாரு. எங்கப்பா செத்த வூட்டுல சிரிச்சி, எங்கண்ணன் அடிக்கப் போயிட்டாரு."

பதிவேட்டில் என் முதல் அடித்தல் அதுதான். முப்பத்தொரு ஆண்டு அசலும் நகலும் பார்த்தவன், வானத்தைப் பார்த்து, ஆளின் சிரிப்பைக் காதில் வாங்காமல் விட்டேன்.

அவர் அடுத்துக் கேட்டது நேரான கேள்வி. "எப்ப எடுத்தது சார்? ஞாயித்துக்கெழம காலைல பேசறதுக்கு மின்னாடியா, பின்னாடியா?"

பேசியதற்குப் பின்னால் என்றால், அந்த நேரம்வரை அவர் உயிரோடு இருந்தார். முன்னால் என்றால் அதில் ஒன்றுமே இல்லை. நாள் கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. இதுவரை அதை யாரும் உயிருக்காகக் கேட்டதில்லை.

வீடியோவில் இருந்தது ஒரே ஒரு நிலா. அதை நிறுத்தி, விரல்களால் பெரிதாக்கினேன். தோழன் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எறிய மாட்டான். கம்பியில் குத்திவைத்துப் பின்பக்கம் அளவு எழுதுவான். அந்தக் கட்டைக் கேட்டேன். சனிக்கிழமைத் தாளில் பஞ்சமி, ஞாயிறு சஷ்டி, திங்கள் சப்தமி. திங்கள் தாளின் பின்னால் 'முக்கால் இஞ்சு எல்போ 6' என்று எழுதியிருந்தது. சண்டை தொடங்கியதே வெள்ளிக்கிழமை என்பதால், போன மாதத்து நிலவாக இருக்க வழியில்லை. பஞ்சமி நிலவு கீற்றைவிடக் கொஞ்சம் பருத்தது. வீடியோவில் இருந்ததோ கிட்டத்தட்டப் பாதித் தோசை.

"சப்தமி. நேற்று மாலை" என்றேன். "ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் ஞாயிறு மாலை. ஞாயிறு காலைக்கு முன்னால் நிச்சயமாக இல்லை."

"அங்க மணி பின்னாடி இல்ல சார்?"

"ஒன்றரை மணி நேரம். அதற்குள் நிலா அவ்வளவு வளராது."

அவர் திங்கள் தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டார். "டேய், எல்போ அளவு!" என்று தோழன் என்னிடம் முனகினான்; அவரிடம் சொல்லவில்லை.

புதன் மதியம் கணவர் பேசினார். எல்லோரையும் ஞாயிறு அன்றே அவசரமாக வேறு முகாமுக்கு மாற்றியதில் சார்ஜர் பழைய அறையிலேயே தங்கிவிட்டதாம். வீடியோவைப் பற்றி மனைவி கேட்டிருக்கிறார். மாலை கடை வாசலில் அந்த உரையாடலை எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"'நான் எங்கடி மாடிக்குப் போனன்? மாடிக்குப் போவக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி சொல்லிட்டான். படிக்கட்டுக்குக் கீழதான் குந்திக்கினு இருந்தன்'னு சொல்றாரு சார். 'அப்ப சிரிச்சது யாரு?'ன்னன். 'எவனோ மலையாளி'ன்றாரு. 'மலையாளிக்கு உன் சிரிப்பு எப்புடிய்யா வந்துச்சி?'ன்னன். போன வச்சிட்டாரு."

அன்று இரவு என் எண்ணை வாங்கிக் கணவரே என்னை அழைத்தார். நல்ல மனிதர். மேலே பறந்த ஆளில்லா விமானங்களின் சத்தம் சைலன்சர் ஓட்டையான மொபெட் மாதிரி இருந்தது என்றார். வலப்பக்கத்தில் எழுத அனுமதி கேட்டேன், கொடுத்தார். சிரிப்பைப் பற்றிக் கேட்டேன். "அது வேணாம் சார், வேலை போயிடும்" என்றார். உடனே, "அதாவது, நான் இல்ல சார்" என்றார்.

மனைவி தன் சொல்லில் நிற்கிறார், கணவர் தன் சொல்லில். கணவர் சொல்வது உண்மையென்றால், நிலவை நான் சரியாகக் கணக்கிட்டும் அன்று ஒரு மனைவிக்குக் கொடுத்த தைரியத்துக்கு ஆதாரமே இல்லை. மனைவி சொல்வது உண்மையென்றால், ஒரு மெக்கானிக் தடையை மீறி மாடிக்குப் போனார். பங்குனி 16, திங்கள் மாலை அந்த மொட்டைமாடியில் சிரித்தவர் யார் என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.