கட்டைக்கு ஐம்பது கிராம்

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடும் ரசூல் பாயின் கையில் யாரும் கைக்குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அவர் கொஞ்ச மாட்டார். இரண்டு கையாலும் வாங்கி, ஒரு தரம் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, "நாலு கிலோ இருநூறு. போன மாசத்துக்கு எதுவும் ஏறல" என்று தாயிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டு கைக்கு வந்ததும் கறி எத்தனை கிராம் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வார். மனைவி ஷரீஃபுன்னிசா பெருநாளுக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால், "அறுநூத்தம்பது கிராம் இருக்கும்" என்பார். அந்த அம்மாள் இந்த மனுஷனோடு இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் சொன்ன எடை தப்பாது. அதுதான் ஊருக்கு எரிச்சல். நிலக்கடலை மூட்டையின் காதைப் பிடித்து ஒரு அசைப்பு அசைத்தார் என்றால் தராசு பிறகு வந்து அவர் சொன்னதையே சொல்லும். வல்லம் பக்கத்து விவசாயிகள் தராசை நம்பாவிட்டாலும் பாயை நம்பினார்கள். மாதிரிக் காயை உரித்துப் பருப்பு எவ்வளவு தேறும் என்று பார்ப்பதற்காக முத்திரை போட்ட பித்தளை எடைக்கற்கள் ஒரு சுருக்குப் பையில் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போதுகூட எடுத்து வைக்க மாட்டார். உலகத்தில் உள்ள பாவங்களிலேயே பெரிய பாவம் குறைவெடை என்பது அவருடைய உறுதியான கட்சி.

இப்படிப்பட்டவருக்கு இசையோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தும் 1988-இல் அவர் மெட்ராசுக்குப் போய் ஒரு பியானோவைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தார்.

அவருடைய ஒரே மகள் மெஹர் பானு திண்டிவனம் கான்வென்ட்டில் தங்கிப் படித்தவள். அங்கே கன்னியாஸ்திரீகள் அவளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும், செஞ்சியில் தாண்டவராயன் புதிதாக ஆரம்பித்திருந்த நர்சரிப் பள்ளியில் டீச்சரானாள். தாண்டவராயனுக்கு எண்ணெய்ச் செக்கு மில் இருந்தது. அதன் பழைய நிலக்கடலை குடோனைக் காலி செய்து, வெள்ளையடித்து, நான்கு கரும்பலகை மாட்டியதும் அது பள்ளிக்கூடமாகி, அவரும் கரஸ்பாண்டன்ட் ஆகிவிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பழைய வீட்டை ஒழித்தபோது வந்த பியானோ ஒன்றை லாரியில் ஏற்றி வந்து குடோன் மூலையில் வைத்தார். அதில்தான் மெஹர் பானு நான்கு வருஷம் காலைப் பிரார்த்தனைப் பாட்டு வாசித்தாள்.

கான்வென்ட்டில் பாட்டு டீச்சர் வேலை காலியாகப் போகிறது, பியானோ பரீட்சை தேறியவளாக இருந்தால் உனக்குத்தான் என்று பெரிய சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பரீட்சையை லண்டனிலிருந்து ஆள் வந்து வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராசில் நடத்துவார்கள். போன டிசம்பரில் போய் வாசித்தாள், தோற்றுவிட்டாள். பரீட்சைக்காரர் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். இந்தப் பெண் வாசிக்கவில்லை, இடிக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதபோது ரசூல் பாய் ஆறுதல் சொல்ல உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது.

"உன் மேல தப்பு இல்லம்மா. கை கனமான கையி. எங்க அத்தா, அவரு அத்தா எல்லாம் மூட்ட தூக்கனவங்க. அது ரத்தத்துல வர்றது. இந்தக் கைக்குப் பியானோ ஒத்து வராது, உட்டுடு" என்றார்.

மெஹர் பானு அழுகையை நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் பியானோவை விடவும் இல்லை. சிஸ்டர் இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் அந்தப் பியானோவே உயிரை விட்டது. பாதிக் கம்பிகள் துருப்பிடித்து அறுந்தன, பின்பலகையைச் செல் அரித்துவிட்டது. கட்டைகள் மட்டும் அமுங்கி எழுந்தன, சத்தம் இல்லை. தாண்டவராயன் தளரவில்லை. கரண்டில் ஓடும் புதுப் பியானோ சிங்கப்பூரிலிருந்து மெட்ராசில் வந்து இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார்.

"அசல் பியானோ மாரியே அமுக்கறதுக்கு இருக்கணும் சார்" என்று மெஹர் பானு கெஞ்சினாள். "பரீட்சை அசல் பியானோவுலதான். கட்டை லேசா இருந்தா விரல் கெட்டுப் பூடும். இந்த தடவை போச்சின்னா அவ்ளோதான்."

"நீயே வந்து பாத்து எடும்மா. துணைக்கி உங்க அத்தாவையும் இட்டுனு வா" என்றார் தாண்டவராயன்.

துணைக்கு வரும் ஆள் சும்மா வந்தால் போதும். ரசூல் பாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது. அசல் போல வேண்டும் என்றால் அசலுக்கு முதலில் எடை பார்க்க வேண்டாமா? புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் பள்ளிக்குப் போய், செத்த பியானோவின் முன்னால் உட்கார்ந்து, கட்டைகளின் நுனியில் ஒவ்வொன்றாக எடைக்கல் வைத்தார். ஐம்பதுக்கு அசையவில்லை. எழுபதுக்கும் இல்லை. எண்பதுக்கு மெல்ல இறங்கியது. நடுக்கட்டைகள் எல்லாமே அப்படித்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்: பியானோ, சாம்பிள், கட்டை ஒன்றுக்கு எண்பது கிராம்.

மறுநாள் அமாவாசை. மேல்மலையனூருக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவில் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் தாண்டவராயனின் கஞ்சி போட்ட சட்டை கசங்கிவிட்டது. மெட்ராஸ் கடைக்குள் நுழையும்போது மூவரும் சந்தையிலிருந்து வந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். கடையில் நின்ற டை கட்டிய விற்பனையாளர் தாண்டவராயனின் மோதிரங்களைப் பார்த்து மரியாதையை முடிவு செய்துகொண்டார்.

முதல் பியானோவில் எழுபது பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் டிரம் அடித்தது, ஒன்றை அமுக்கினால் குயில் கூவியது, இன்னொன்றுக்கு ரயில் போனது. தாண்டவராயன் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"பாய், தவள! தவள கத்துது பாருங்க!"

"கேக்குது மொதலாளி" என்றபடி ரசூல் பாய் சுருக்குப் பையை அவிழ்த்தார். இருபது கிராம் கல்லைக் கட்டையில் வைத்தார். கட்டை பொத்தென்று அடிக்குப் போனது.

"ஐயையோ, இன்னா பாய் பண்றீங்க?" என்று விற்பனையாளர் ஓடி வந்தார்.

"எடை பாக்கறேன். இது முத்திரை போட்ட கல்லு, பயப்படாதீங்க."

"பியானோவ யாரு சார் எடை போடுவாங்க?"

"பியானோவ போடல, கட்டையத்தான் போடறேன். ஒரு கட்டைக்கி எத்தினி கிராம்னு சொல்லுங்க, நா கல்ல எடுத்துடறேன்."

விற்பனையாளருக்குத் தெரியவில்லை. அவர் பேச்சை மாற்றி, மூலையில் இருந்த கறுப்புப் பியானோவைக் காட்டினார். அதில் நாலே பொத்தான்கள். "இது டிஜிட்டல் பியானோ. உள்ள கம்பி கிடையாது, ஆனா அசல் பியானோ டச் அப்படியே இருக்கும்" என்றார்.

ரசூல் பாய் ஐம்பது கிராம் கல்லை வைத்தார். கட்டை நிதானமாக, அவசரமில்லாமல் கீழே இறங்கியது. அவர் தாளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"முப்பது கிராம் கொறையுது! அசல் எண்பது, இது அம்பது. அப்படியே இருக்குதுன்னு சொல்றீங்களே, குறைவெடை இது!"

கமிட்டியில் போடுகிற சத்தத்தைத்தான் போட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெஹர் பானு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கடையில் பியானோ பழுது பார்க்கிற இளையபெருமாள், அறுபது வயது, காதில் பென்சில். கட்டைமேல் உட்கார்ந்திருந்த பித்தளைக் கல்லைப் பார்த்ததும் அவர் வேகமாக வந்தார். விற்பனையாளர், இனி பாயை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டார்.

இளையபெருமாள் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே வரிசையாக ஈய எடைக்கற்கள்.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில் பண்றேன் பாய். கட்டைக்கு எடை வச்சுப் பாத்து வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார். தன் ஐம்பது கிராம் கல்லை எடுத்துப் பாயிடம் நீட்டினார்.

இருவரும் கற்களை மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்கள். இளையபெருமாளின் ஐம்பதும் ரசூல் பாயின் ஐம்பதும் ஒன்றாகவே இருந்ததில் இருவருக்கும் அளவில்லாத சந்தோஷம். வந்த வேலையைக் கொஞ்ச நேரம் எல்லாரும் மறந்துவிட்டார்கள், தவளையிடம் திரும்பிப் போய்விட்ட தாண்டவராயன் உட்பட.

"ஆனா எண்பதுன்னு எங்க பாத்தீங்க?" என்று இளையபெருமாள் கேட்டார். கண்ணாடி ஓரமாக நின்ற பெரிய கம்பிப் பியானோவுக்கு அழைத்துப் போய், "இது அசலுக்கே அசல். வைங்க" என்றார்.

ரசூல் பாய் வைத்தார். ஐம்பதுக்கு இறங்கியது.

"இதுவும் கொறையுதே!"

"கொறையல பாய். உலகம் பூரா அம்பதுதான், அஞ்சு கிராம் முன்னபின்ன இருக்கும். எண்பது வச்சா மனுஷன் வாசிக்க முடியாது. உங்க பியானோ எங்க கிடந்தது?"

"ஸ்கூல்ல. அதுக்கு முன்ன அது மல்லாட்ட குடோனு" என்றார் பாய். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை.

"எலி?"

"குடோன்ல எலி இல்லாமயா?"

இளையபெருமாள் சிரிக்க ஆரம்பித்தார். "கட்டைக்கு அடியில கூடு கட்டியிருக்கும். மல்லாட்டையக் கொண்டாந்து சேத்து வச்சிருக்கும். இந்தப் பொண்ணு இத்தினி நாளா உங்க ஊரு வெள்ளாமைய சேத்துத்தான் அமுக்கியிருக்கு."

மெஹர் பானு மெதுவாகத் துப்பட்டாவை விலக்கினாள். ரசூல் பாய் சிரிக்கவில்லை. நான்கு வருஷம், ஒரு கட்டைக்கு முப்பது கிராம் கூடுதல். மாவட்டத்தில் யார் எங்கே கல்லை மாற்றினாலும் கண்டுபிடிப்பவர், பெற்ற மகளின் விரலுக்கு அடியில் இருந்த பாரத்தைப் பார்க்கவே இல்லை. பாரம் எலி வைத்தது. பழியை அவர் அவளுடைய கைமேல் போட்டிருந்தார். இத்தனை வெட்கம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"நா உன் கையத்தான் குத்தம் சொன்னேன்மா" என்றார். "தப்பா சொல்ட்டேன்."

அவள் கம்பிப் பியானோவின் கட்டைமேல் இருந்த கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கறுப்புப் பியானோவின் முன்னால் உட்கார்ந்து பிரார்த்தனைப் பாட்டை வாசித்தாள். முதல் வரிக்குக் கடைக்காரர்கள் காதைப் பொத்தினார்கள்.

"கொறைச்சுக்கம்மா. இன்னும் கொறை. எலி இங்க இல்ல" என்றார் இளையபெருமாள்.

அவள் குறைத்தாள். நான்காவது வரியில் கை பழகிவிட்டது. டிரம் பொத்தானில் விரல் வைத்திருந்த தாண்டவராயன் திரும்பி நின்றார். முழுப்பாட்டும் முடிகிறவரை அசையவில்லை.

"நல்லா இருக்குதும்மா. இது இன்னா பாட்டு?"

"நம்ம ஸ்கூல் ப்ரேயர்தான் சார்."

"ப்ரேயரா? அது பாட்டா? நீ மார்ச் பாஸ்ட்டுக்கு அடிக்கிறன்னு நா நெனச்சினு இருந்தேனே!"

அதற்குப் பிறகு அவர் தவளையைப் பற்றிப் பேசவில்லை. கறுப்புப் பியானோ மில் லாரியில் செஞ்சிக்கு வந்தது. பழைய பியானோவைத் திறந்து பார்த்ததில் மூன்று கிலோ அறுநூறு கிராம் மல்லாட்டை தேறியது. ரசூல் பாய் கையாலேயே சொன்னார், தராசும் ஒத்துக்கொண்டது. குடோன் தன்னுடையது, ஆகையால் காயும் தன்னுடையது என்று தாண்டவராயன் எடுத்துக்கொண்டார்.

டிசம்பரில் மெஹர் பானு தேறினாள், ஜனவரியில் கான்வென்ட்டில் வேலைக்கும் சேர்ந்தாள். அதை மறைத்து வைத்துக் கதையை இழுப்பானேன்? சொல்ல வேண்டியது பரீட்சை நாளில் அவளுடைய அத்தா செய்த காரியம்தான்.

பரீட்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போன வருஷமும் அதே பெஞ்சுதான், அப்போது உள்ளே அவள் வாசித்தது தெருமுனை வரைக்கும் கேட்டது. இந்த வருஷம் ஒன்றுமே கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்தார். கதவில் காதை வைத்தார். ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் வந்தது. மற்றக் காதையும் வைத்துப் பார்த்தார். வாசிக்கவே இல்லை போலிருக்கிறது. உனக்கு ஒத்து வராது, உட்டுடு என்று அன்றைக்குச் சொன்னது உள்ளேயே தங்கி, இப்போது கை எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறாளோ என்று தோன்றிவிட்டது. அப்புறம் யோசிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

மெஹர் பானு வாசித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு மெதுவாக. இரண்டு கையும் கட்டைகளின்மேல் பட்டதும் படாததுமாகப் போய்க்கொண்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்கார அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ரசூல் பாயை முறைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே பொங்கி அழுதுகொண்டிருந்தார்.

"வாசிக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"வாசிக்கிறேன் அத்தா" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "கதவ சாத்தினு வெளிய இருங்க. இன்னும் ரெண்டு பாட்டு இருக்குது."