தங்கச்சியின் விதைக்கிழங்கு

உருளைக்கிழங்குக் கிடங்கில் அவரை எல்லோரும் 'ஐஸ் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. யாராவது கதவைச் சும்மா திறந்து வைத்தால் போதும், மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

அந்த வருஷம் அவருடைய தங்கை தன் விதைக்கிழங்கைக் கொண்டுவந்து இறக்கினாள். அவள் கணவர் படுத்த படுக்கை. இந்த மூட்டைக் கிழங்கை நட்டு எடுக்கும் விளைச்சலை நம்பித்தான் வீடே இருந்தது. "உன்ன நம்பித்தான்ணே விட்டுட்டுப் போறேன்" என்றாள். அண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கூடப்பிறந்தவள் மூட்டையைக் கூட்டத்தோடு கூட்டமாகப் போட மனசு வருமா? உள்ளறையில் தனியாக அடுக்கினார். பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, குளிர் துளிகூட வெளியே போகாதபடி அடைத்தார். குளிர் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கிழங்கு மூச்சு விடும். காத்துக்கு வழி விடுங்க" என்றார். "அதுக்கு மூக்கு எங்க இருக்குன்னு காட்டு, விடறேன்" என்றார் இவர். மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாயை அன்றைக்குக் கொஞ்சம் மூடியிருக்கலாம், பாவி மனுஷன்.

தோண்டி எடுத்த பிறகும் கிழங்கு சாவதில்லை. அதன் ஒவ்வொரு செல்லும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஆக்சிஜனைக் கொண்டு அதை மெல்ல எரித்து, உயிரோடு இருக்கச் சக்தி எடுக்கிறது. கரியமில வாயுவும் நீரும் சூடும் வெளியே வரும். குளிர் அந்த வேலையை மெதுவாக்கும், அவ்வளவுதான், நிறுத்தாது. தார்ப்பாய்க்குள் ஆக்சிஜன் குறையக் குறைய, கிழங்கின் நடுவிலுள்ள செல்கள் முதலில் செத்தன. வெளித்தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நடவு நேரத்தில் தங்கை வந்தாள். தார்ப்பாயைப் பிரித்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக வெட்டினாள். உள்ளே கறுப்பு. வேறொரு மூட்டையிலிருந்து எடுத்து வெட்டினாள். அதுவும் கறுப்பு.

"உனக்குன்னு தனியா பாத்துப் பாத்து வச்சேம்மா" என்றார் அண்ணன்.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, "மத்தவங்களோடது எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"என்னையும் யாரோ ஒருத்தின்னு நினைச்சிருக்கலாம்ணே" என்றாள்.