சந்தனம் அத்தையின் நூற்று நாற்பத்தொரு பேர்

என் அத்தை சந்தனத்தோடு பஸ்ஸில் போவதைப் போலத் தலைவலி வேறு கிடையாது. முதலிபாளையத்தில் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் பூர்வீகத்தையே கறந்துவிடுவாள். "உசிலம்பட்டிப் பக்கமா? எந்த ஊரு? உங்கம்மாவைப் பெத்தவுக எந்த ஊரு?" வேலை முடிந்து அலுத்துப்போய் வரும் பெண் பாதித் தூக்கத்தில் பதில் சொல்லும். எனக்கு மானம் போகும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே புருஷனை லாரிக்குப் பறிகொடுத்துவிட்டு, எண்பத்தெட்டில் எங்களோடு திருப்பூருக்கு வந்தவள். பிள்ளை கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை ட்யூப் லைட்டுக்கு நேரே ஒரு தடவை விரித்துப் பிடித்தால் போதும், ஊசி விட்ட இடமும் எண்ணெய்க் கறையும் அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். "ஒரு தப்பை நாம பாஸ் பண்ணிட்டா அது கப்பலேறிப் போயிரும்டி நதியா" என்பாள். வீட்டிலும் அதே கண்தான். நான் கூட்டிய வீட்டை மறுபடி கூட்டாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

தொண்ணூற்றொன்பதில் அப்பா இறந்தார். அடுத்து வந்த மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்க் குலசாமி கும்பிட்டோம். பூசாரி, வம்சத்து முன்னோர் பேரைச் சொல்லச் சொன்னார். தாத்தா பேரைச் சொன்னோம். அதற்கு மேல்? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். கம்பெனியில் ஜெர்மனி ஆர்டருக்கு வந்த லேபிள் கட்டு ஒன்று, அச்சு தப்பிப்போனதால் மூலையில் கிடந்தது. வழவழவென்று, எத்தனை தடவை துவைத்தாலும் கிழியாத துணி லேபிள். சூப்பர்வைசரைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அழியாத பேனாவால் ஒருவர் பேர், அப்பா அம்மா பேர், பிறந்த நாள், செத்திருந்தால் செத்த நாள். எழுதியதைப் போர்வை அகலமுள்ள வெள்ளை இன்டர்லாக் பனியன் துணியில் வரிசைப்படி வைத்துத் தைத்தாள். பெரியவர்கள் மேலே, பிள்ளைகள் கீழே, கட்டிக்கொடுத்த பெண்கள் ஓரத்தில். காகிதத்தில் எழுதக் கூடாதா என்று கேட்டேன். "காகிதத்தை எலி திங்கும். நீ தொலைப்ப" என்றாள். இரண்டுமே நடக்கக்கூடியதுதான் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் யார் வீட்டுக்காவது போய்விடுவாள். விட்டுப்போன பேரைத் தேடி மதுரைக்கும் தேனிக்கும் அலைந்தாள். மூன்று வருஷத்தில் நூற்று நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். எங்கள் சனத்தில் பெண் பார்க்கிறவர்கள் முறை சரிதானா என்று அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். மேலுக்குக் கேலி செய்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

அந்த நூற்று நாற்பத்தொன்றில் ஒரு பேர் ஒச்சாயி. அத்தையின் அக்கா. அத்தைக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, எழுபத்தொன்றில், காய்ச்சலில் செத்துப்போனாள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதன்பின் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை. தேதியைச் சொன்னவர் என் பெரியப்பா ஜெயபாண்டி. அத்தைக்கு நினைவிருந்தது பதினாறாம் நாள் காரியம் மட்டும்தான். வடை பாயசத்தோடு சோறு போட்டார்களாம்.

இரண்டாயிரத்து நாலு சிவராத்திரிக்கு அத்தை துணியைக் கோயிலில் விரித்து வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தாள். ஒச்சாயியின் தேதி வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரக் கிழவி சீனியம்மாள் அவள் கையைத் தட்டி நிறுத்திக் காதோரம் சொன்னாள்.

"யாருக்குடி செத்த தேதி போட்ருக்க? அவ சாகலைடி. பஞ்சு ஏத்த வந்த பல்லடத்துக்காரனோட போயிட்டா. வேற சாதின்னு உங்கய்யா தலைமுழுகிட்டு, உசிரோட இருக்கவளுக்குக் கருமாதி பண்ணாரு. நானும் அந்தச் சோத்தைத் தின்னேன்."

அத்தை அந்த லேபிளை விரலால் மூடிக்கொண்டாள்.

"என் மகன் முனீஸு அங்கிட்டுத்தான் தறி ஓட்டுறான். போன வருசம் சந்தையில அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தா. பேசாமப் போயிட்டா."

பெரியப்பாவிடம் கேட்டோம். அவர் அசையவில்லை. "முழுகுனா முழுகுனதுதான். நான் சொன்ன தேதி சரியான தேதி. மாத்தாத" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கையிலிருந்த காப்பியைத் தட்டிவிட்டிருப்பேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முனீஸ் சொன்ன அடையாளத்தை வைத்துப் பல்லடத்துக்குப் போனோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அப்பா முகம் அப்படியே.

"யாருங்க? என்ன வேணும்ங்க?"

"அக்கா, நான் சந்தனம்."

முறம் கையிலேயே இருந்தது. உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எங்களைத் தறிக் குடோனின் பின்சுவருக்குக் கூட்டிப் போனாள். நாங்கள் பேசுவது எங்களுக்கே சரியாகக் கேட்காத இடம். அதற்காகத்தான் அங்கே கூட்டிப்போனாள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அங்கே அவள் பேர் கமலாம்பாள். புருஷன் நாச்சிமுத்து, தூரத்துச் சொந்தத்தில் அநாதைப் பெண்ணைக் கட்டிவந்ததாக ஊரை நம்பவைத்திருந்தார். மகள் ஜெயசுதாவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. சாதி தெரிந்தால் எல்லாம் நின்றுவிடும்.

"எம் பிள்ளைங்களுக்கு நான் ஆருமில்லாதவ. எங்க ஊட்ல எல்லாரும் காலராவுல போயிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

"என்னையுமாக்கா?"

"உன்னையும்தான் கண்ணு. நீ சின்னவ. உன்னைச் சொல்றப்ப மட்டும் நெசமாலுமே அழுதுட்டேன்."

அத்தை அவள் கையிலிருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா. ஒரே ஒரு தடவை, நாலு பேரு முன்னாடி, இவ என் தங்கச்சின்னு சொல்லு. அது போதும்."

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒச்சாயியின் லேபிளைப் பிரித்துத் தேதி இல்லாமல் மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று சனம் கேட்கும். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அது பல்லடம் போய்ச் சேர எத்தனை நாளாகும்? கத்திரியைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள்.

"தெரிஞ்சே ஒரு தப்பை பாஸ் பண்றேன்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்பா இறந்த அன்றைக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நீயும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை இருவரும் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டார்கள். கால் மணி நேரம். யாராவது தெரிந்தவர்கள் வந்தால், முன்பு ஒரே கம்பெனியில் வேலை செய்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவளுக்கு மூட்டு வலியாம்" என்பாள் அத்தை. ஜெயசுதாவுக்குக் கல்யாணமாகி, பேரனும் பிறந்தான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, என் அப்பாவின் காது அவனுக்கு என்றாள். அவன் பேரை மட்டும் துணியில் தைக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஆடியில் மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி, ஆஸ்பத்திரி என்று எல்லாம் பார்த்தும் பதினெட்டே நாளில் அத்தை போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயது. எனக்கு அழக்கூட நேரமில்லை. ஆள் ஆளுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். பல்லடத்துக்கும் பண்ணினேன். "கம்பெனியில இருந்து பேசறேங்க. சந்தனம் தவறிட்டாங்க" என்றேன். "எந்நேரம் எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள் பெரியவள்.

மத்தியானம் ஜெயசுதாவோடு வந்தாள். கையில் மஞ்சப்பை. பெண்களுக்குப் பின்னால் கடைசியில் உட்கார்ந்துகொண்டாள். மகள் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டி முடித்ததும் பெரியப்பா தன் பங்குக்குக் கோடிச் சேலையைப் போர்த்திவிட்டு, "பெறந்த வீட்டுக் கோடி போடுறவுக வாங்க" என்றார். அப்பா இல்லாததால் அம்மா போய்ச் சேலையைப் போர்த்தினாள். அப்போது பெரியவள் எழுந்து முன்னே வந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்தாள்.

"இவுக யாரு?" என்றார் பெரியப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தைக்குச் செய்த சத்தியம் நெஞ்சில் நின்றது. "கூட வேலை பார்த்தவங்க" என்றேன்.

"வேலை பார்த்தவுக மாலை போட்டாப் போதும்மா. கோடி உறவுமுறைதான் போடணும்." பெரியப்பா மரியாதையாகத்தான் சொன்னார். சேலையை மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

அவள் வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டடி நடந்தாள். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. சத்தியமாவது மண்ணாவது என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவளே நின்றுவிட்டாள்.

"இது பெறந்த வீட்டுக் கோடிதாண்ணே" என்றாள். கொங்குப் பேச்சு இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு. "நான் ஒச்சாயி. இவ என் தங்கச்சி."

பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். யாரும் மறிக்கவில்லை. அவள் குனிந்து சேலையை விரித்து, மார்பு வரை இழுத்துவிட்டு, சுருக்கத்தை நீவினாள்.

ஜெயசுதா விசிறியோடு எழுந்து நின்றிருந்தாள். "ஏனுங்கம்மா, உங்களுக்குத் தங்கச்சி இருந்தாங்களா?"

"இருந்தா கண்ணு."

நாலு பேர் முன்னால் சொன்னால் போதும் என்றுதான் அத்தை கேட்டிருந்தாள். அன்று நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். எல்லோருக்கும் கேட்டது, அவள் ஒருத்தியைத் தவிர.