முகமாலையில் குடித்த தண்ணீர்

ஜெர்மனியின் ஆஹென் நகரில் பஸ் ஓட்டும் தம்பித்துரைக்கு ஐம்பத்திரண்டு வயது. காலையில் மாணவர்கள் முண்டியடித்து ஏறும்போதும் முகம் சுளிக்காத மனிதர். ஒருகாலத்தில் ஈழப்போரின்போது முகமாலைப் பதுங்குகுழியில் இரண்டு வருடம் கிடந்தவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

இயக்கமும் இராணுவமும் ஒரே பனங்காணியின் இரு கரைகளில் மண்ணைத் தோண்டிக்கொண்டு மாறிமாறிச் செத்த இடம் அது. பிடித்த குழியை விடுவதும் விட்ட குழியைப் பிடிப்பதுமாகவே காலம் போனது. ஒரு மத்தியானம், இரண்டு நாளாகத் தண்ணீரில்லாமல் கிடந்த எட்டுப் பேருக்காக, அவர்களில் ஒருவனான சுகிர்தன் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு ஊர்ந்து போனான். திரும்பி வருகையில், குழிக்கு ஐந்தடி இருக்கும்போது செல் விழுந்தது. கானை உள்ளே தள்ளிவிட்டுத்தான் தலையைச் சாய்த்தான். பொழுதுபடுமுன் அந்த இடமே கைவிட்டுப் போனது. உடலை எடுக்க முடியவில்லை. காணாமல் போனவன் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஜெர்மனிக்கு வந்தபின் ஒரு கோயில் திருவிழாவில், எர்லாங்கன் நகரிலிருந்து வந்த பிரபாலினி என்ற பெண் ஒரு படத்தை நீட்டினாள்.

"இவர் என்ர அண்ணா. எங்கயாவது கண்டனீங்களோ?"

படத்தில் சுகிர்தன். தெரியாது என்றார் தம்பித்துரை. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. அதற்குப் பிறகும் அவள் அவ்வப்போது தொலைபேசியில் அழைத்து, ஏதும் தகவல் உண்டா என்று விசாரிப்பாள். பன்னிரண்டு வருடங்களில் அந்தப் பொய் மலையாகிவிட்டது.

போன மாசியில் முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவர்கள் எலும்புகளையும் போராளிகளின் இலக்கத் தகடுகளையும் எடுத்ததாகச் செய்தி வந்தது. தன் தமையன் முன்பு கடிதத்தில் எழுதியிருந்த தகட்டு இலக்கம் அதில் இல்லை என்று பிரபாலினி அழைத்துச் சொன்னாள்.

"அப்ப அண்ணா எங்கயோ இருக்கிறார்தானே."

அந்தக் குரலிலிருந்த சந்தோசத்தை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாளே லீவு எடுத்து எர்லாங்கனுக்கு ரயிலேறினார்.

அவள் வீட்டுக் குசினியில் சாப்பாட்டு மேசையில், குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. ஒன்றைக் கேட்டாள்.

"அந்தத் தண்ணியை நீங்கள் குடிச்சனீங்களோ?"

"ஓம். அவன் வெளியில கிடக்கேக்கையே குடிச்சம்."

"எல்லாருக்கும் குடிக்கக் காணுமா இருந்ததோ?"

"ஓம், தங்கச்சி."

அப்போதுதான் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். தேற்றத் தனக்கு உரிமையில்லை என்று அவர் எழுந்து சுவரோரம் நின்றார்.

தமையனைத் தேடித்தரும்படி அலுவலகத்தில் கொடுத்திருந்த அன்ட்ராக் விண்ணப்பத்தை முடித்துவைக்க, சாட்சியாக வரும்படி அடுத்த கிழமை அழைத்தாள். போனார். இறந்ததைக் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் அவள் கோபமில்லாமல் சொன்னாள்.

"இனி நான் உங்களுக்கு ரெலிபோன் எடுக்கமாட்டன் அண்ணை. ஏலாது."

அவர் தலையாட்டினார். அவள் தெருவைக் கடந்து மறையும்வரை அங்கேயே நின்றார்.